வைஃபை வரலீங்க, கொஞ்சம் வந்து பாருங்க

லேப்டாப் பழுது பார்க்கிற தொழிலில் திரை உடைந்தால் உடைந்தது தெரியும், பேட்டரி உப்பினால் உப்பினது தெரியும். வைஃபை வராததற்கு மட்டும் கண்ணுக்குத் தெரிகிற காரணமே கிடையாது.

அதனால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மழை என்பார்கள், மேகம் என்பார்கள், பக்கத்து வீட்டில் புதிதாகப் போட்ட ஏசி என்பார்கள். விருந்துக்கு வந்த கொழுந்தனார் கண் வைத்துவிட்டுப் போனார் என்றுகூட ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லோரும் தவறாமல் சொல்வார்கள்: "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சுங்க."

நான் திருச்செங்கோட்டில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஸ்கூட்டர் ஒன்று, பை ஒன்று, பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்களும் ஒரு பழைய பிரஷ்ஷும். கூப்பிட்டால் நாமக்கல்லும் போவேன், மேட்டூரும் போவேன். வாசலில் ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "சரி பண்றவரு பின்னாடி வாராருங்களா?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவேன்.

அவசரமாக ஒரு வேலை இருக்கும்போது, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிற அந்த வட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பாடு எனக்குத் தெரியும். என் பாடும் கொஞ்சம் உங்களுக்குத் தெரியட்டும்.

பூஜைக்கு மறுநாள்

எங்கள் ஊரில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம். அப்படி ஒருவர் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் கூப்பிட்டார். அவருடைய வண்டிகள் வடக்கே எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் காட்டில் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, தண்ணீர் வந்ததா, வெறும் மண் புகை வந்ததா என்பதெல்லாம் ஆபீஸ் லேப்டாப்புக்குத்தான் வரும். காலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தால் லேப்டாப் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூடியில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம், மூலைக்கு மூலை சந்தனம், மேலே ஒரு துண்டு செவ்வந்திச் சரம். பட்டன்களைக்கூட விடவில்லை. முதல் வரிசை முழுக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

பொட்டு வைத்த விரல் அந்த வரிசையில் விமானம் படம் போட்ட பட்டனையும் அழுத்தியிருக்கிறது. அதை அழுத்தினால் வைஃபை அணைந்துவிடும். திரும்ப ஒரு அழுத்து அழுத்தினேன். 'டிங், டிங்' என்று இருபது முப்பது தகவல் ஒன்றாக வந்து விழுந்தது. வேலை அவ்வளவுதான். இது விமானத்தில் ஏறும்போது அணைத்து வைப்பதற்காகக் கொடுத்திருக்கிற வசதி என்று விளக்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். அப்புறம் உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "முப்பது வருசமா தொழில் பண்றேன், நானே இன்னும் ஏரோப்ளேன்ல ஏறலீங்க, இதைய ஒரே பொட்டுல ஏத்தி உட்டுட்டா பாருங்க!"

எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க

ராசிபுரத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஏற்றியாக வேண்டும். லேப்டாப்பில் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் நெட் இல்லை. நான் அப்போது ஒரு முட்டை லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திவிட்டு, உலகத்தில் என் தொழில் செய்கிற எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். "ஒரு தடவை எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க டீச்சர்."

போனைத் துண்டிக்காமலே நடந்தார். படி இறங்குகிற சத்தம் கேட்டது. ரூட்டர் கீழே இருக்கும்போல என்று நினைத்தேன். 'டொக்' என்று பெரிய சத்தம். அடுத்த நொடி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது, டிவி நின்றது, ஒரு பெரியவர் "ஐயையோ!" என்று அலறினார். டீச்சர் மெயினையே இறக்கிவிட்டார். சொன்னபடி சரியாக ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் திரும்ப ஏற்றினார். நல்ல வேளையாக ரூட்டரும் அந்தக் கூட்டத்தில் அணைந்து எழுந்ததால் நெட் வந்துவிட்டது. ஐந்து மணி தாண்டி அவரே கூப்பிட்டார்: "மார்க்கெல்லாம் ஏத்திட்டனுங்க. கடைசி ஓவர்ல யாரு ஜெயிச்சாங்கன்னு எங்க மாமனாரு உங்ககிட்டத்தான் கேக்கச் சொன்னாரு."

நாலு மணிக் கோளாறு

நாமக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் குடியிருந்த ஒரு பெண், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வகுப்பு அறுந்து அறுந்து போகிறது என்றார். நான் இரண்டு தடவை காலையில் போய்ப் பார்த்தேன். நெட் காவேரி மாதிரி ஓடியது. "நான் இருக்கும்போது நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றேன். இதை நான் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகமும் எப்போதாவது அப்படி மாறியிருக்கும்.

மூன்றாவது தடவை நான்கு மணிக்கே போய் உட்கார்ந்தேன். வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் இருந்த பையன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான். கூடவே கீழேயிருந்து வெங்காய பப்ஸ் வாசனை. ஒரு நிமிடத்தில் கீழே 'டிங்' என்று மணி அடித்தது, மேலே பையன் வாயை மூடினான். மறுபடி வாசனை, மறுபடி பையன் நின்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேக்கரியின் மைக்ரோவேவ் ஓவன், இவருடைய மேசைக்கு நேர் கீழே. ஓவனும் பழைய வகை வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் ஓடுபவை. சில ஓவன்களில் கசிகிற கொஞ்சமே போதும், பக்கத்தில் இருக்கிற வைஃபை திணறிவிடும். ரூட்டரில் இன்னொரு அலைவரிசையும் இருந்தது. லேப்டாப்பை அதற்கு மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனை பப்ஸ் சூடானாலும் பையன் அசைந்துகொண்டே இருந்தான்.

கீழே இறங்கி பேக்கரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால், மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப நானு இங்க பப்ஸ் சூடு பண்ணுனா, வெளிநாட்டுல கணக்கே நின்னு போகுதுங்களா?"

கோழிப்பண்ணை மேனேஜர் சந்தேகம்

மோகனூர் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே மேனேஜராக இருந்தவர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியது, டாக்டருக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் ஆபீஸ் லேப்டாப்பில்தான். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வைஃபை போகிறது, மூன்று மணிக்கு வருகிறது என்றார். லேப்டாப்பில் வைரஸ், அதுவும் கடிகாரம் பார்க்கத் தெரிந்த வைரஸ் என்பது அவர் கணிப்பு. நான் ஒரு மணி வரை காத்திருந்தேன். சொன்ன மாதிரியே போனது. ரூட்டர் எங்கே என்று தேடிக்கொண்டு பின் அறைக்குப் போனால், பண்ணை முதலாளியே சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறார்.

"அம்மிணி, முருகேசன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று கிசுகிசுத்தார். "இந்த அலையெல்லாம் கோழிக்கு ஆகாதுன்னு ஒருத்தரு சொன்னாருங்க. மத்தியானம் அதுக அசந்து நிக்கற நேரம். அப்பயாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னு..." அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தோன்றியது. ரூட்டரைப் போடச் சொல்லி, லேப்டாப்பைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தேன். அவரும் கூடவே வந்தார். ஆபீஸ் வாசலில் வைஃபை நான்கு கோடு காட்டியது. வேப்ப மரத்தடியில் இரண்டு. தீவன மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் ஒன்று. ஷெட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே ஒரு கோடும் இல்லை. "பாருங்க, அங்கெல்லாம் இது போறதே இல்லீங்க" என்றேன். அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி ஆயிற்று. சிரித்தார். நான்கு அடி திரும்பி நடந்திருப்போம், சட்டென்று நின்றுவிட்டார். "கோழி தப்பிச்சுப்போச்சு, சரிங்க. ஆபீசுக்குள்ளயே ஒக்காந்திருக்கற நாங்க?"

பீரோவுக்குள் நெட்

இளம்பிள்ளையில் இரண்டு அக்கா தங்கைகள் நேரலையில் சேலை விற்கிறார்கள். அக்கா சேலையை விரித்துக் காட்டுவார், தங்கை லேப்டாப்பில் ஆர்டரைப் பார்ப்பார். ஆடி மாதம் முடிந்து முகூர்த்தம் தொடங்குகிற நேரம். அந்த வாரம் பார்த்து வைஃபை ஒரே கோட்டில் ஊசலாடியது. முந்தானையைக் காட்டத் தொடங்கினால் சேலையின் உடம்புப் பகுதி வருவதற்குள் படம் நின்றுவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. நான் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. "ரூட்டர் எங்கீங்க இருக்குது?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அடுத்த அறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைகளுக்கும் பத்திரக் கவருக்கும் நடுவில், பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு ரூட்டர் உட்கார்ந்திருந்தது. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே இழுத்திருந்தார்கள். தொட்டால் இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. இரும்புக்குள் வைத்துப் பூட்டினால் அலை எப்படி வெளியே வரும் என்று கேட்டேன். வெளியே எடுத்து, சேலை விரிக்கிற அறையிலேயே சுவரில் உயரமாக மாட்டினோம். கோடு முழுதாக நின்றது. நான் கிளம்பும்போது மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை முந்தானையிலிருந்து உடம்பு வரை தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் வரை வந்த தங்கைக்கு மட்டும் மனசு ஆறவில்லை: "சேலை போனா வேற நெய்ஞ்சுக்கலாங்க அக்கா, நெட்டு போனா யாருக்குங்க விக்கறது? அதனாலதான் பூட்டி வெச்சோம்."

என் கை செய்தது

இதுவரை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். கௌசல்யா என்று ஒரு பெண், எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரியில் படித்தவள். படிப்பு முடிந்து சொந்த ஊரான மேட்டூருக்குப் போவதற்கு முன்னால், லேப்டாப்பின் கீல் உடைந்துவிட்டதென்று என்னிடம் கொடுத்தாள். மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் காலை எட்டரை மணிக்கு அழுகிற குரலில் கூப்பிட்டாள். பதினோரு மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்காணல், வீடியோவில். "அக்கா, ரூட்டரை ஒட்டி வெச்சா கொஞ்சம் வருது, அதுவும் படம் நின்னு நின்னு போகுது. ரூமுக்குள்ள வந்தா சுத்தமா இல்ல. இங்க போன்ல பேச மட்டுந்தான் முடியும், நெட்டு எடுக்காது." ஒட்டி வைத்தால் வரும், தள்ளிப் போனால் வராது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கடை திறக்கவில்லை. சங்ககிரி, எடப்பாடி என்று ஸ்கூட்டரை விரட்டினேன்.

போய்ச் சேரும்போது பத்தரை. அணைப் பக்கத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ். இஸ்திரி போட்ட சட்டையோடு கௌசல்யா நின்றாள். அவள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்த யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினேன். நான் பயந்ததுதான். வைஃபை கார்டில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் மாட்டியிருக்க வேண்டும். அலையை இழுத்துக் கொடுப்பவை அவைதான். நுனி கடுகு அளவுதான் இருக்கும். கீல் மாற்றும்போது கழற்றிய நான், திரும்ப மாட்டவில்லை. என் கடையில் ரூட்டர் என் தலைக்கு மேலேயே இருப்பதால், சோதித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. "என்னம்மா கோளாறு?" என்று அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். இந்த இடத்தில் 'கார்டு கொஞ்சம் லூசுங்க' என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கௌசல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோளாறு ஒண்ணும் இல்லீங்க. நான்தான் இந்த ரெண்டு ஒயரையும் மாட்டாம விட்டுட்டேன்" என்றேன். ஒயர்களை அழுத்தி மாட்டினேன். 'டக், டக்' என்று இரண்டு சின்னச் சத்தம். பத்து ஐம்பதுக்கு எல்லாக் கோடும் வந்தது.

வேலை அவளுக்குக் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட படபடப்பு உங்களுக்கும் வேண்டாம். ஆனால் நேர்காணல் நடந்த அந்த நாற்பது நிமிடம் நானும் அவள் அப்பாவும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தூங்காத கண்ணோடு சாலையைப் பார்த்தார். நான் என் விரல்களைப் பார்த்தேன். கதவு திறந்தது. "அடுத்த ரவுண்டுக்கு வரச் சொல்லிட்டாங்கப்பா!" அவர் எழுந்தார், மகள் தலையில் கை வைத்தார், அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "ஒத்துக்கிட்டீங்க, அது போதும்மா. உள்ள வந்து சாப்பிடுங்க. ஆனா அடுத்த ரவுண்டு முடியற வரைக்கும் அந்த லேப்டாப்பை யாரும் கழட்டக் கூடாது, நீங்களும் சேத்து."

அன்றிலிருந்து எந்த லேப்டாப்பை முடித்தாலும், அதைத் திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு கடையை விட்டு இறங்கி, சாலையைத் தாண்டி எதிர் டீக்கடை வரை நடந்து கோடு குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். டீக்கடைக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, தெனமும் லேப்டாப்பை நடக்கக் கூட்டியாரீங்களே, அதுக்கும் சுகருங்களா?"

நடுச்சுவர்

இது சேலத்தில் வேலை பார்த்தபோது நடந்தது. அம்மாபேட்டையில் ஒருவர், வீட்டிலிருந்தபடி லேப்டாப்பில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர். நெட் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். நீளமான பழைய வீடு. நடுவில் புதிதாக ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் தம்பி குடும்பம், பேச்சுவார்த்தை இல்லை என்று தெருமுனையில் வழி கேட்டபோதே சொல்லிவிட்டார்கள். ரூட்டர் இவர் வேலை செய்கிற முன் அறையில் இல்லை. பின் கட்டில், அந்த நடுச்சுவரை ஒட்டி இருந்தது. ரூட்டருக்குள் நுழைந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இவருடைய லேப்டாப், கணவன் மனைவி இருவர் போன், டிவி. ஐந்தாவதாக 'நித்யா' என்ற பெயரில் இன்னொரு லேப்டாப்.

"யாரோ உங்க நெட்டை எடுக்கறாங்க சார். பாஸ்வேர்டை மாத்திட்டு, ரூட்டரையும் முன் ரூமுக்குக் கொண்டாந்துட்டா ஸ்பீடு வந்துரும்" என்றேன். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி சொன்னார்: "அது இவரு தம்பி பொண்ணுங்க. வீடு ஒண்ணா இருந்தப்ப வெச்ச பாஸ்வேர்டு, அப்படியே இருக்குது." நான் கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பாடம் நடத்துகிற யாருக்கோ "யெஸ் சார், யெஸ் சார்" என்று சொல்வது கேட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் ரூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்பீடு கெடக்குது விடும்மா. அந்தப் புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் ரூட்டரு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

இப்படி ஊர் ஊராகப் போய் எல்லோர் வீட்டிலும் நெட்டை வரவழைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் வைஃபை போனால் மட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற என்னை விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் இன்றுவரை கேபிள்காரருக்குத்தான் போன் போடுகிறார்.